ஒரே டச்சில் ‘ரூட்’ ஆகும் பழைய போன்... ஆபத்தே அதில்தான்!

பீரோ டிராயரில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன். சார்ஜ் போட்டால் இன்னும் உயிர் வரும். ஆனால், எதைத் திறந்தாலும் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’. கம்பெனியே ஏற்றிவிட்ட, யாரும் தொடாத ஆப்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அன்இன்ஸ்டால் செய்யவும் முடியாது. என்ன பண்ணலாம் என்று யூடியூபில் தேடினால் ஒரு பதில் வரும்: “போனை ரூட் பண்ணுங்க. ஒரே ஆப், ஒரே பட்டன், வேலை முடிஞ்சது!”

இது பொய் இல்லை. பல பழைய போன்களில் நிஜமாகவே ஒரே பட்டனில் வேலை முடிந்துவிடும். ஆனால், அது ஏன் அவ்வளவு சுலபமாக முடிகிறது?

ரூட் என்றால் என்ன?

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். அதில் எல்லா அதிகாரமும் கொண்ட பயனருக்குத்தான் ‘ரூட்’ என்று பெயர். போனை வாங்கியவருக்கு இந்த அதிகாரம் தரப்படுவதில்லை. வாடகை வீடு மாதிரிதான். அறைகள் எல்லாம் உங்களுக்கு. மொட்டை மாடி சாவி மட்டும் ஹவுஸ் ஓனரிடம்.

இதற்குக் காரணமும் உண்டு. ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் தகவலைத் தொட முடியாதபடி ஆண்ட்ராய்டு நடுவில் சுவர் எழுப்பியிருக்கிறது. ரூட் அதிகாரம் கிடைத்துவிட்டால் அந்தச் சுவர் ஒரு பொருட்டே இல்லை.

சாவியா, உடைந்த தாழ்ப்பாளா?

ரூட் செய்ய இரண்டு வழிகள். முதலாவது, போனின் பூட்லோடரை முறைப்படி ‘அன்லாக்’ செய்வது. பல நிறுவனங்கள் இதை அனுமதிக்கின்றன. அப்படிச் செய்யும்போது போனில் உள்ள தகவல்கள் எல்லாம் அழிந்துவிடும். திருடன் கையில் போன் சிக்கினால் உங்கள் தகவல் அவனுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது.

இரண்டாவது, ‘ஒன் கிளிக்’ டூல்கள். டவல்ரூட், ஃப்ரமாரூட், கிங்ரூட் எல்லாம் இந்த வகை. இவை யாரிடமும் சாவி கேட்பதில்லை. சாஃப்ட்வேரில் அடைக்கப்படாமல் விட்டுப்போன ஓட்டையைக் கண்டுபிடித்து, அதன் வழியாக உள்ளே போகின்றன. பின்வாசல் தாழ்ப்பாள் உடைந்திருந்தால் தள்ளிக்கொண்டு போவது போல. நீங்கள் தள்ளினாலும் திறக்கும், திருடன் தள்ளினாலும் திறக்கும்.

டவல்ரூட் சொல்லும் கதை

2014 ஜூனில் லினக்ஸ் கெர்னலில் ஒரு பெரிய ஓட்டை வெளியே தெரிந்தது. ‘பிங்கி பை’ என்ற புனைபெயர் கொண்ட ஹேக்கர்தான் அதைக் கண்டுபிடித்தார். அதே மாதத்தில் அந்த ஓட்டையைப் பயன்படுத்தி ‘டவல்ரூட்’ ஆப்பை வெளியிட்டார் ஜார்ஜ் ஹாட்ஸ். 2007-ல் ஐபோனின் சிம் லாக்கை உடைத்துப் பிரபலமான அதே ஆள். அப்போதைய புது மாடலான சாம்சங் கேலக்ஸி எஸ்5 உட்பட ஏராளமான போன்கள் சில நொடிகளில் ரூட் ஆயின.

இரண்டரை வருடம் கழித்து, 2016 நவம்பரில், செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் ‘கூலிகன்’ என்ற மால்வேரைப் பற்றி எச்சரித்தது. சாதாரண ஆப் போல வேஷம் போட்டு ஆண்ட்ராய்டு 4, 5 போன்களில் நுழைந்த இது, டவல்ரூட் பயன்படுத்திய அதே ஓட்டை வழியாகவும் போனை ரூட் செய்தது. பிறகு கூகுள் கணக்கின் லாகின் டோக்கனைத் திருடியது. பாஸ்வேர்டே தெரியாமல் கணக்குக்குள் நுழைய அது போதும். 10 லட்சத்துக்கும் அதிகமான கணக்குகள் சிக்கின. மெயில்களைப் படித்ததற்கான ஆதாரம் இல்லை என்றது கூகுள். விளம்பரப் பணத்துக்காக ஆப்களை இன்ஸ்டால் செய்து, ரேட்டிங் போடத்தான் அந்தப் போன்கள் பயன்பட்டன.

ஓட்டைக்கு 2014-லேயே மருந்து வந்துவிட்டது. ஆனால், அப்டேட் கிடைக்காத பழைய போன்களுக்கு அது போய்ச் சேரவே இல்லை. அதே 2016-ல் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம் கண்டறிந்த ‘காட்லெஸ்’ மால்வேரும் இப்படித்தான் ஆண்ட்ராய்டு 5.1 வரையிலான போன்களை ரூட் செய்தது. அதில் பாதிக்கப்பட்ட போன்களில் கிட்டத்தட்ட பாதி இந்தியாவில் இருந்தவை.

எச்சரிக்கை வந்தாலும் புரியாது

இந்த டூல்களை இன்ஸ்டால் செய்ய ‘அன்நோன் சோர்சஸ்’ வசதியை ஆன் செய்ய வேண்டும். ‘இது ஆபத்தான ஆப்’ என்று போன் எச்சரித்தாலும் ‘அதைக் கண்டுக்காதீங்க’ என்பார் வீடியோக்காரர். உண்மையான டூலும் செய்வது அதே உடைப்பு வேலைதான் என்பதால் அதற்கும் எச்சரிக்கை வரும். அதன் பெயரில் சுற்றும் போலிக்கும் வரும். இரண்டையும் பிரித்துப் பார்க்க சாதாரணப் பயனருக்கு வழியே இல்லை.

அப்போ என்ன செய்யலாம்?

* செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போய் ‘செக்யூரிட்டி பேட்ச்’ தேதியைப் பாருங்கள். அது பல வருடம் பழசு என்றாலோ, அந்த வரியே இல்லை என்றாலோ, தாழ்ப்பாள் சரியில்லை என்று அர்த்தம்.

* அந்தப் போனில் யுபிஐ, பேங்க் ஆப், முக்கியமான மெயில் எதுவும் வேண்டாம். ஓடிபி வரும் சிம்மையும் போடாதீர்கள். வீட்டில் அம்மா, அப்பாவுக்குக் கொடுத்திருக்கும் பழைய போனுக்கும் இது பொருந்தும்.

* இடம்தான் பிரச்சினையா? வேண்டாத ஆப்கள் பலவற்றை ரூட் செய்யாமலே செட்டிங்ஸில் ‘டிசேபிள்’ செய்யலாம்.

* புது ஆண்ட்ராய்டு போட்டுப் பார்க்க ஆசையா? உங்கள் மாடலுக்கு ‘லீனியேஜ் ஓஎஸ்’ இருக்கிறதா என்று பாருங்கள். பேக்கப் எடுத்துவிட்டு, பூட்லோடரை முறைப்படி அன்லாக் செய்து இன்ஸ்டால் செய்யலாம். அதன் பிறகு சில பேங்க் ஆப்கள் வேலை செய்யாமல் போகலாம்.

* ஏற்கெனவே ஒன் கிளிக்கில் ரூட் செய்துவிட்டீர்களா? ஃபேக்டரி ரீசெட் மட்டும் போதாது. சிஸ்டம் பகுதிக்குள் புகுந்த மால்வேர் ரீசெட்டுக்குப் பிறகும் அப்படியே இருக்கும். சாஃப்ட்வேரையே புதிதாக ஏற்ற வேண்டும். வேறு போனிலிருந்து கூகுள் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.

பாட்டு கேட்க, அலாரம் வைக்க, எஃப்எம் போட அந்தப் பழைய போன் தாராளமாகப் போதும். ஆனால், ஒரே பட்டனில் அது ரூட் ஆகிறது என்றால், பணத்தை வைக்கும் இடம் அது இல்லை.