பாதிப் பார்வை போய்விட்டதா? கண்ணாடி மாற்றிப் பயன் இல்லை!

ஆரணி,

பட்டுத் தறியில் உட்காரும் நெசவாளிக்கு வலது கரையும் தெரிய வேண்டும், இடது கரையும் தெரிய வேண்டும்.

பக்கவாதம் வந்து பிழைத்த சிலருக்கு இதில்தான் இடி விழுகிறது. கை, கால் தேறிவிடும். ஆனால் தறியில் உட்கார்ந்தால், இடது பக்கம் அறுந்த இழை கண்ணில் படாது. தட்டில் அந்தப் பக்கம் வைத்த பொரியல் அப்படியே கிடக்கும்.

"கண்ணு மங்கிப்போச்சு. வேற கண்ணாடி போட்டா சரியாயிடும்" என்பார்கள் வீட்டில். ஆகாது!

கோளாறு எங்கே?

கண்ணில் இல்லை, மூளையில்! மூளையின் பின்பக்கம்தான் பார்வைக்கு உரிய இடம். அங்கே வலது பாதி பழுதானால், இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விடும். எந்தக் கண்ணை மூடிப் பார்த்தாலும் அதே கதைதான்.

இதை வரைபடமாகப் போட்டவர் ஜப்பானியக் கண் டாக்டர் இனோயே. 1904-05 ருஷிய-ஜப்பான் போரில் தலையில் குண்டு பாய்ந்த சிப்பாய்களைச் சோதித்து, 1909-ல் வெளியிட்டார்.

தலையைத் திருப்பு!

போன பார்வை முதல் சில வாரங்களில் கொஞ்சம் திரும்பலாம். ஆறு மாதம் கடந்தால் அபூர்வம்.

அதற்காகத் தறியை விற்றுவிட வேண்டுமா? அவசரம் வேண்டாம். தெரியாத பக்கம் தலையையும் கண்ணையும் அடிக்கடி திருப்பிப் பழக வேண்டும். இதுதான் முக்கிய சிகிச்சை. பேப்பர் படிக்கும்போது இடது ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, அது தெரியும்வரை திரும்ப வேண்டும். தறியின் ஓரத்தில் சிவப்புத் துணி கட்டியும் இப்படிப் பழகலாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்கூட்டர், மொபெட் பக்கம் போகவே கூடாது.

சிலருக்கு ஒன்று இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் அது நின்றுவிடும். பிரிசம் வைத்த கண்ணாடி இவர்களுக்கு உதவும்.

ஆரணி ரோட்டில்

வேலூர் சி.எம்.சி.யின் ஷெல் கண் ஆஸ்பத்திரி இருப்பதே அங்குள்ள ஆரணி ரோட்டில்தான். 1902-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் தொடங்கிய ஆஸ்பத்திரி அது. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையமும் இருக்கிறது. அதை 1966-ல் தொடங்கிய டாக்டர் மேரி வர்கீஸ், கார் விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தவர்.

திடீரென்று ஒரு பக்கம் தெரியாமல் போனால், "வாய் கோணலையே" என்று காத்திருக்க வேண்டாம். அதுவும் பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-க்குப் போன் செய்ய வேண்டும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் ஸ்கேனும் எடுத்தாக வேண்டும்.