சேத்தூர் மலையடிவாரம்: காட்டுக்கும் கண்மாய்க்கும் நடுவே

விருதுநகர் மாவட்டம் ராஜபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவை ஒட்டி அமைந்துள்ள சேத்தூரின் வேளாண்மை, மலையிலிருந்து இறங்கும் நீரை நம்பியே நடக்கிறது. தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதியை மலையின் மேற்குப் பக்கமே வாங்கிக்கொள்வதால், மழைமறைவில் கிடக்கும் இப்பகுதிக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையே பெரிய ஆதாரம். அந்தச் சில வாரங்களில் விழும் மழையைக் காடு பிடித்துவைத்து மெல்ல விட, ஓடைகள் அதைக் கொண்டுவந்து கண்மாய்களில் சேர்க்க, கண்மாய்களின் கசிவில் ஊறும் கிணறுகளைக் கொண்டு மக்கள் கோடையைக் கடக்கின்றனர். நீர் ஒரே வழியில் வருகிறது. அந்த வழியை ஆளும் பொறுப்போ வனத்துறை, வருவாய்த்துறை, நீர்வளத்துறை, கனிமவளத்துறை, ஊராட்சி ஒன்றியம், பேரூராட்சி எனப் பல கைகளில் பிரிந்து கிடக்கிறது. வளரும் நாடுகளில் இயற்கை வளம் அழிவதற்குச் சட்டம் போதாமையே காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. சேத்தூரைப் பொறுத்தவரை, சட்டங்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதே பெரிய குறை.

சேத்தூர் ஒரு ஜமீனாக இருந்த ஊர். சென்னை மாகாணத்தில் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம் அரசுக் காடுகளைக் காப்புக் காடுகளாக அறிவிக்க வழிசெய்தபோதும், ஜமீன் காடுகள் பெரும்பாலும் ஜமீன்தார்களின் கையிலேயே இருந்தன. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, ஜமீன்களின் காடுகளும் பொது நிலங்களும் அரசுக்கு உரியவை ஆயின. அடுத்த ஆண்டே இயற்றப்பட்ட தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றித் தனியார் காட்டை விற்கவோ மரங்களை வெட்டவோ கூடாது என்று தடுத்தது. கண்மூடித்தனமான அழிவைத் தடுப்பதோடு, காட்டில் மக்களுக்கு வழிவழியாக இருந்துவரும் உரிமைகளில் யாரும் குறுக்கிடாமல் காப்பதும் அச்சட்டத்தின் நோக்கமாகவே எழுதப்பட்டிருந்தது. காடும் காட்டைச் சார்ந்த மக்களும் சேர்த்துக் காக்கப்பட வேண்டும் என்ற அந்தத் தெளிவு பிற்காலத்தில் மங்கிப்போனது வருந்தத்தக்கது.

1988இல் சாம்பல் நிற மலை அணிலுக்காக இம்மலைப்பகுதி திருவில்லிபுத்தூர் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தரையில் அரிதாகவே இறங்கி, கிளைவிட்டுக் கிளை தாவி வாழும் இந்த அணிலுக்கு மரங்களின் தலைகள் ஒன்றோடொன்று கூடி நிற்கும் ஓடைக்கரைக் காடு தேவை. ஓடைக்கரையை அரிப்பிலிருந்து காப்பதும் அதே மரங்கள்தாம் என்பதால், அணிலைக் காப்பது நீரைக் காப்பதாகவும் ஆகிறது. 2021இல் மேகமலைச் சரணாலயத்தையும் சேர்த்து ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் திருவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய காப்பகத்தை இரண்டு பகுதிகளாகப் பிரிக்கிறது: மனிதத் தலையீடின்றி விடப்படும் உள்மையப் பகுதி, மக்களின் வாழ்வும் விலங்குகளின் நடமாட்டமும் சேர்ந்திருக்கும் இடைப்பகுதி. உள்மையத்தை வரையறுக்கையில் பழங்குடியினரின் உரிமைகள் பாதிக்கப்படலாகாது என்றும், இடைப்பகுதியின் எல்லையைக் கிராம சபைகளைக் கலந்தே முடிவுசெய்ய வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது.

இம்மலைகளில் தேனும் கிழங்கும் மூலிகையும் சேகரித்து வாழ்ந்துவரும் பளியர்களுக்கு இந்த வரிகள் உயிர்நாடியானவை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அவர்களுக்குக் குடியிருப்பு நிலத்தின் மீதும் சிறு வன மகசூலின் மீதும் உரிமை தந்ததோடு, காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் கிராம சபைக்கு வழங்கியது. ஆனால் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் தமிழகத்தில் உரிமைப் பத்திரம் வழங்குவது பல ஆண்டுகள் தடைபட்டு, 2016இல்தான் அத்தடை நீங்கியது. காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவர்கள் அந்தக் காலமெல்லாம் தம் இடத்திலேயே உரிமையற்றவர்களாக இருக்க நேர்ந்தது பெரும் அநீதி.

காட்டின் எல்லைக்கு வெளியே வரும்போது பாதுகாப்பு மெலிகிறது. மலையடிவாரத்தின் மா, தென்னைத் தோப்புகளுக்குள் யானைகள் இறங்குவது இங்கு அடிக்கடி நடப்பது. தென்னையைச் சாய்த்து அதன் குருத்தைத் தின்னும் யானை, போகிற போக்கில் சொட்டுநீர்க் குழாயையும் மிதித்து நொறுக்கிவிடுகிறது. அந்த இடத்தில் வைக்கும் புதுக் கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். இழப்பீடு பெற வனத்துறையினரின் ஆய்வு, கிராம நிர்வாக அலுவலரின் சான்று, சேத மதிப்பீடு என்று ஒவ்வொரு படியாக ஏறியிறங்க வேண்டிய விவசாயிக்கு, காப்பகம் தன் தோப்பின் எதிரியாகத் தோன்றத் தொடங்குகிறது.

கண்மாய்களின் நிலை இன்னும் கவலைக்குரியது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசனப் பரப்பு, கொண்ட கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் உள்ளன. நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் கொண்டுவரப்பட்ட சட்டம், அப்போது பொதுப்பணித்துறையின் பொறுப்பில் இருந்த கண்மாய்களுக்கே பொருந்துவதாக அமைந்தது. ஆனால் மேல் கண்மாய் நிரம்பி மறுகாலில் வெளியேறும் நீர் கீழ்க் கண்மாய்க்குப் போகும் சங்கிலித் தொடரில், நடுவிலுள்ள ஒரு சிறு ஒன்றியக் கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தாலும் அதற்குக் கீழுள்ள ஆயக்கட்டு முழுவதும் காய்கிறது.

பழைய குடிமராமத்து முறையில் ஊரார் கூடி வரத்துக்காலை வெட்டினர், கரையை உயர்த்தினர், கண்மாயில் படிந்த கரம்பை மண்ணை அள்ளி வயலில் இட்டனர். அதில் உழைப்பின் சுமை நிலமற்றோர் மீதும் ஒடுக்கப்பட்டோர் மீதும் அதிகம் விழுந்ததை மறந்துவிட்டு அம்முறையைப் போற்றுவது முறையாகாது. ஆயினும், பொதுவளங்களைப் பயனாளிகளே விதி வகுத்துக் காக்க முடியும் என்பதை உலகின் பல பாசன அமைப்புகளைக் கொண்டு விளக்கிய எலினோர் ஆஸ்ட்ரம், 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். பாசன விவசாயிகள் தேர்ந்தெடுக்கும் சங்கங்களுக்குத் தமிழகத்தின் 2000ஆம் ஆண்டுச் சட்டமும் இடமளிக்கிறது. கண்மாய்களின் வண்டல் மண்ணை விவசாயத்துக்கு இலவசமாக அள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என 2024இல் எளிதாக்கப்பட்டது நல்ல மாற்றம். எனினும் அந்த அனுமதியின் மறைவில் மணல் போகாமல் பார்க்க, கண்மாய்க் கரையிலேயே இருக்கும் சங்கத்துக்கு அதிகாரம் வேண்டும். காப்பகத்தின் இடைப்பகுதியைப் பற்றிப் பேசக் கூடும் கிராம சபைகளில் வனத்துறையோடு நீர்வளத்துறைப் பொறியாளரும் ஒன்றிய அலுவலரும் பளியர்களும் தோப்புக்காரர்களும் ஆயக்கட்டு விவசாயிகளும் ஒன்றாக அமர்ந்து, அடுத்த ஐப்பசிக்கு முன் எந்த வரத்துக்காலை யார் செப்பனிடுவது என்று முடிவுசெய்வதற்கு இன்றுள்ள சட்டங்களே போதும்.