படகுக்கு பைக் பெட்ரோல் போடலாமா? டேங்க் நிரப்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

நடுரோட்டில் பைக் நின்றால் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய்விடலாம். நடுக்கடலில் இன்ஜின் நின்றால், காற்றும் நீரோட்டமும் இழுக்கிற பக்கம்தான் படகு போகும். பாதி வழியில் இன்ஜின் நிற்பது, ஸ்டார்ட் செய்யும்போதே தீப்பிடிப்பது என இரண்டையுமே பெரும்பாலும் கரையிலேயே தவிர்த்துவிட முடியும்.

பங்க் பெட்ரோலில் என்ன சிக்கல்?

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. இன்று பெரும்பாலான பங்க்குகளில் அதுதான் வழக்கமான பெட்ரோல். ஆனால், முன்னணி அவுட்போர்டு நிறுவனங்கள் பலவும் 10 சதவீத எத்தனால் வரைதான் அனுமதிக்கின்றன. எனவே, இன்ஜின் மேனுவலில் உள்ள அளவை முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் டீலரிடம் கேட்டுவிடுவது நல்லது.

எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி காலியான டேங்க் கடற்கரையில் வாரக்கணக்கில் கிடந்தால், ஈரக்காற்று உள்ளே போகும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலோடு சேர்ந்து பெட்ரோலில் இருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இன்ஜினுக்கு எரிபொருளை உறிஞ்சும் குழாயும் அடியில்தான் இருக்கிறது. அந்தக் கலவை உள்ளே போனால் இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிடும்.

தேவைக்கு மட்டும் வாங்குவது, பழைய பெட்ரோலைத் தவிர்ப்பது, தண்ணீரைப் பிரிக்கும் ஃபில்டரைப் பொருத்துவது ஆகிய மூன்றும் அவசியம். ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் பாதிக்கலாம். விரிசல் தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஆயில் கலக்கணுமா?

4 ஸ்ட்ரோக் இன்ஜின் என்றால் பெட்ரோலில் ஆயில் கலக்கக் கூடாது. 2 ஸ்ட்ரோக் என்றால் மேனுவல் சொல்லும் விகிதம். 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. பைக் ஆயில் வேண்டாம். அவுட்போர்டுக்கான டிசி-டபிள்யூ3 ரக ஆயில்தான் சரி. மண்ணெண்ணெயில் ஓடும்படி தயாரான அவுட்போர்டுகளும் உண்டு. அதற்காக, பெட்ரோல் மாடலில் மண்ணெண்ணெய் ஊற்றக் கூடாது.

பெட்ரோல் ஆவி ஏன் ஆபத்து?

பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. சாலையில் நிற்கும் வண்டியில் கசிந்தால் அடிவழியாகக் கலைந்துவிடும். படகின் அடிப்பகுதியோ கிண்ணம் மாதிரி. ஆவி வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கும். ஸ்விட்ச்சில் எழும் ஒரு சின்னப் பொறி போதும்.

எப்படி நிரப்புவது?

* படகை நன்றாகக் கட்டிவிட்டு, எல்லோரையும் இறங்கச் சொல்லுங்கள்.
* இன்ஜின், லைட், பேட்டரி ஸ்விட்ச் எல்லாமே ஆஃப். சிகரெட், அடுப்பு கூடவே கூடாது.
* கழற்றக்கூடிய டேங்க் என்றால் வெளியே எடுத்து, தரையில் வைத்து நிரப்புங்கள். படகுக்குள் வைத்தே ஊற்ற வேண்டாம்.
* பொருத்தப்பட்ட டேங்க் என்றால், ஆவி உள்ளே போகாதபடி கதவு, ஜன்னல், மூடிகளைச் சாத்துங்கள்.
* நாசில் டேங்க்கின் வாயைத் தொட்டபடியே இருக்கட்டும். நிலைமின்சாரப் பொறி எழாமல் இருக்க இது உதவும்.
* வெயிலில் பெட்ரோல் விரியும். அதனால் ‘ஃபுல் பண்ணிடுங்க’ என்று சொல்லாமல், சுமார் 10 சதவீத இடம் விடுங்கள்.
* சிந்தியதைத் துடைத்து, மூடியை இறுக்கி, சாத்திய எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள்.
* இன்ஜின் உள்ளே இருக்கும் பெட்ரோல் படகில், காற்றை வெளியேற்றும் புளோயரை 4 நிமிடமாவது ஓட்டுங்கள். பிறகு இன்ஜின் அறையில் முகர்ந்து பாருங்கள். வாசனை வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டும்.

தீப்பிடித்துவிட்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிதந்து தீயைப் பரப்பிவிடும். கைக்கெட்டும் இடத்தில் உலர் பவுடர் தீயணைப்பான் இருக்க வேண்டும்.

எவ்வளவு போடணும்?

போக ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, கையிருப்பாக ஒரு பங்கு என்பதுதான் கணக்கு. திரும்பும்போது எதிர்க்காற்று அடித்தால் அதே தூரத்துக்கு அதிக எரிபொருள் செலவாகும். அப்போது கைகொடுப்பது அந்த மூன்றாவது பங்குதான்.