எட்டாம் வகுப்புக்குப் பிறகு பந்து எங்கே போகிறது?

தொடக்கப் பள்ளித் திடலில் ஒரு பந்தை உருட்டிவிட்டால் எல்லாக் குழந்தைகளும் அதன் பின்னால் ஓடுவார்கள். யார் ஆண், யார் பெண் என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. ஏழாம், எட்டாம் வகுப்புக்கு வரும்போது மாணவிகள் மெல்ல மெல்லத் திடலின் ஓரத்துக்கு ஒதுங்குகிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் அவர்களில் பலர் பார்வையாளர்கள். எங்கள் மம்சாபுரம் பகுதியில் மட்டுமன்றி, எந்த ஊர்ப் பள்ளியிலும் ஆசிரியர்கள் காணும் காட்சிதான் இது.

"பெண் பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். ஆனால் பெண்கள் கால்பந்தின் வரலாற்றைப் படித்தால் வேறு ஒரு காரணம் தெரிகிறது. ஆர்வம் குறையவில்லை, தொடர்ந்து ஆட ஓர் அணி இல்லை.

முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில், போர்த் தளவாடங்கள் செய்த டிக், கெர் தொழிற்சாலையின் பெண் தொழிலாளர்கள் 1917-இல் ஓர் அணி அமைத்தார்கள். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் நகரில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைக் காண ஏறத்தாழ 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, 1921 டிசம்பரில், இந்த விளையாட்டு பெண்களுக்குப் பொருந்தாது என்று கூறி, தன் உறுப்பு கிளப்புகளின் திடல்களைப் பெண்களுக்குத் தரக்கூடாது என இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தடை விதித்தது. அந்தத் தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. மேற்கு ஜெர்மனியிலும் 1955 முதல் 1970 வரை இதே போன்ற தடை இருந்தது. ஆடும் இடத்தைப் பறித்தால் போதும், ஆட்டம் தானே நின்றுவிடும்.

இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சுவீடன் சான்று. அந்நாட்டின் மேற்குப் பகுதியில் உள்ள ஓக்ஸாபெக் என்ற சிறு கிராமத்தின் விளையாட்டு கிளப்பில் 1966-இல் பெண்கள் அணி ஒன்று தொடங்கப்பட்டது. 1973-இல் பெண்களுக்கான முதல் தேசிய சாம்பியன் பட்டத்தை அந்தக் கிராமத்து அணிதான் வென்றது. 1984-இல் நடந்த முதல் ஐரோப்பிய மகளிர் கால்பந்துப் போட்டியில் சுவீடன் நாடே கோப்பையைக் கைப்பற்றியது. சுவீடனின் மொத்த மக்கள்தொகை சுமார் 1 கோடி. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படியே 7 கோடிக்கு மேல்.

நம் நாட்டிலும் தொடக்கம் நன்றாகவே இருந்தது. 1975-இல் இந்திய மகளிர் கால்பந்துக் கூட்டமைப்பு உருவானது. 1980-இல் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் கிளப் அணிகளுக்கான இந்திய மகளிர் லீக் தொடங்கியது 2017-இல்தான். அதுவரை ஒரு வீராங்கனைக்குக் கிடைத்தவை பெரும்பாலும் சில நாள்களில் முடிந்துவிடும் மாநிலங்களுக்கு இடையிலான போட்டிகள். அவை முடிந்ததும் ஆண்டின் மீதி மாதங்களில் யாருக்காக ஆடுவது, யாரிடம் பயிற்சி பெறுவது? இந்த இடைவெளியை நிரப்புவதுதான் கிளப்பின் வேலை.

தமிழ்நாட்டில் அதை இரண்டு அணிகள் செய்துகாட்டின. ஒன்று, கடலூரில் உள்ள இந்திரா காந்தி விளையாட்டு மற்றும் கல்வி அகாடமி. பெயரிலேயே விளையாட்டும் கல்வியும் சேர்ந்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். மற்றொன்று, 2016-இல் சீனி மொஹைதீன் தொடங்கிய, மதுரையைச் சார்ந்த சேது எஃப்சி. 2018-இல் ஷில்லாங்கில் நடந்த லீக்கின் இறுதிச் சுற்றில் ஆடிய 7 அணிகளில் இவை இரண்டும் இருந்தன. அதே ஆண்டு பிப்ரவரியில், கட்டாக்கில் நடந்த தேசிய சாம்பியன் போட்டியில், பல முறை பட்டம் வென்றிருந்த மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது.

2019 மே மாதம் லூதியானாவில் நடந்த லீக் இறுதி ஆட்டத்தில் சேது எஃப்சி, மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்ற கணக்கில் வீழ்த்தி சாம்பியன் ஆனது. மணிப்பூரின் டாங்மெய் கிரேஸ், நேபாளத்தின் சபித்ரா பண்டாரி போன்றோருடன் நம் மாநிலப் பெண்களும் ஒரே அணியில் ஆடினர். 2022-இல் சேது இரண்டாம் இடம் பெற்றது. 2023-இல் அமிர்தசரசில் ஹரியானாவை வென்று தமிழ்நாடு மீண்டும் தேசிய சாம்பியன் ஆனது.

கடலூர் மாவட்டத்தின் இந்துமதி கதிரேசன் சேது அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடியவர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணிபுரிகிறார். 2020 ஊரடங்கின்போது சென்னைச் சாலைகளில் பணியில் நின்றார். "விளையாடி என்ன ஆகப்போகிறது?" என்று கேட்கும் பெற்றோருக்கு இவரைக் காட்டலாம். அரசுப் பணியில் விளையாட்டு ஒதுக்கீடு இருப்பதையும் எடுத்துச் சொல்லலாம்.

ஒவ்வொரு பள்ளியும் கிளப் தொடங்க முடியாது. ஆனால் கிளப் செய்யும் மூன்று வேலைகளைப் பள்ளி செய்ய முடியும்.

முதலாவது, இடமும் நேரமும். வாரத்தில் 2 நாளாவது திடல் மாணவிகளுக்கு மட்டும் என்று கால அட்டவணையிலேயே எழுதிவிடுவோம். 11 பேர் சேரவில்லை என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்துக்கு 4 பேர், சிறிய திடல், கம்பத்துக்குப் பதில் இரண்டு செங்கல் போதும். ஆள் குறைந்தால் ஒவ்வொருவர் காலிலும் பந்து அதிக முறை படும். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளியில் வகுப்பாசிரியரே இதை நடத்தலாம்.

இரண்டாவது, விலகும் காரணங்களைக் களைவது. ஏழாம் வகுப்பிலிருந்து உடை, மாதவிடாய், வீடு திரும்பத் தாமதம், அம்மாவின் பயம் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். முழுக்கால் சட்டையோடு ஆட அனுமதிப்பது, பயிற்சியைக் கடைசிப் பேருந்துக்கு முன்பே முடிப்பது, தண்ணீருடன் கழிப்பறை இருப்பது, முடியாத நாளில் காரணம் கேட்காமல் ஓய்வு தருவது ஆகியவை பயிற்சி நுணுக்கங்களைவிட முக்கியம். ஒரு சனிக்கிழமை அம்மாக்களை ஆட்டம் பார்க்க அழையுங்கள். பாதி அச்சம் அங்கேயே தீரும்.

மூன்றாவது, அடுத்த படியைக் காட்டுவது. 14, 17, 19 வயதுப் பிரிவுகளில் குறுவட்டப் போட்டி முதல் மாநிலப் போட்டி வரை நம்மிடம் வழி இருக்கிறது. விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மாணவியர் விடுதிகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்பு முடித்து வேறு பள்ளிக்குச் செல்லும் மாணவியின் மாற்றுச் சான்றிதழுடன், "இவர் நன்றாகப் பந்து ஆடுவார்" என்று அந்தப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியருக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போகட்டும்.

ராஜபாளையத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையில் எத்தனை பள்ளிகள்! எந்த இரண்டு பள்ளிகளுக்கும் இடையே ஒரு நகரப் பேருந்துத் தொலைவுதான். அவற்றில் இரண்டு பள்ளிகள் மாதம் ஒரு முறை மாணவிகளுக்கு ஓர் ஆட்டம் நடத்தினால், ஒன்பதாம் வகுப்பு மாணவிக்கு அடுத்த மாதமும் ஆட ஒரு காரணம் கிடைத்துவிடும்.