ரோன் குகையும் ரீட்ரை பொத்தானும்

1987 ஜனவரியில் எனிக்ஸ் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட் 2' கேமை ஆடிய ஜப்பானியர்களிடம் ரொண்டார்கியா (ஆங்கிலப் பதிப்பில் ரோன்) என்று சொன்னாலே போதும். பெருமூச்சுதான் பதிலாக வரும். மூன்று பேர் கொண்ட குழு, கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் நிறைந்த நீண்ட குகையில் ஏறி, பனி மூடிய மேட்டுக்கு வருகிறது. அங்கே ப்ளிஸார்ட் என்ற எதிரிகள் கூட்டமாக வந்து சாவு மந்திரம் ஓதுவார்கள். அதிர்ஷ்டம் இல்லாவிட்டால் ஒரே சுற்றில் மூவரும் காலி. லெவல் எத்தனை இருந்தால் என்ன? அந்த மந்திரத்துக்கு லெவல் ஒரு பொருட்டே இல்லை. கொஞ்ச தூரம் தள்ளி ஒரு கோயில் இருக்கிறது. உயிரோடு அங்கே போய்ச் சேர்வதுதான் அந்தக் காலத்துப் பையன்களின் பெரும் சாதனை.

அதுவரை ஓரளவு நியாயமாக ஏறிக்கொண்டிருந்த கடினம், அந்த இடத்தில் செங்குத்தாக எகிறியது. காரணத்தைப் படைப்பாளிகளே பின்னாளில் சொன்னார்கள். கடைசிப் பகுதியை முழுமையாக ஆடிப் பார்த்துச் சமன் செய்ய அவர்களுக்கு நேரம் போதவில்லை. இறுதி பாஸான சிடோ, தோற்கும் தறுவாயில் தன் காயத்தை முழுவதுமாக ஆற்றிக்கொள்ளக்கூட வல்லவன். அரை மணி நேர உழைப்பு ஒரு மந்திரத்தில் போகும்.

இதற்கு மேல் ஒரு கொடுமை. ஃபேமிகாம் கருவிக்கு வந்த அந்த முதல் பதிப்பில் சேவ் வசதி கிடையாது. 52 எழுத்துகள் வரை நீளும் கடவுச்சொல்லைத் தாளில் எழுதி வைக்க வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் அத்தனையும் போச்சு.

பழைய கேம்கள் எல்லாமே கடினம், இன்றையவை எல்லாமே எளிது என்று பலர் பேசுகிறார்கள். அது தவறான கணக்கு. மாறியது கடினம் அல்ல, தோல்விக்குக் கொடுக்கும் விலை. 1981-ல் வந்த 'விஸர்ட்ரி'யில் ஆறு பேர் குழு. செத்தவனைக் கோயிலில் எழுப்ப முயன்று தோற்றால் அவன் சாம்பலாவான், மறுபடி தோற்றால் நிரந்தரமாகப் போவான். குழு முழுவதும் பாதாளத்தில் விழுந்தால், புதிதாக ஒரு குழுவை வளர்த்து அனுப்பித்தான் சடலங்களை மீட்க வேண்டும். அதோடு ஒப்பிட்டால் 1986-ன் முதல் 'டிராகன் குவெஸ்ட்' கருணைமிக்கது. செத்தால் பாதிப் பணம் போகும், சேர்த்த அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும். அதை வடிவமைத்த யூஜி ஹோரி எடுத்த இந்த ஒரு முடிவு, இந்த வகை கேம்களை லட்சக்கணக்கான சாதாரண மக்களிடம் கொண்டு சேர்த்ததில் பெரும்பங்கு வகித்தது என்றே நினைக்கிறேன். தோற்றவன் வெறுங்கையோடு திரும்பவில்லை. எளிய பதிப்பு என்பதும் இன்றைய கண்டுபிடிப்பல்ல. 1991-லேயே ஸ்கொயர் நிறுவனம் 'ஃபைனல் ஃபேன்டஸி 4' கேமுக்கு 'ஈஸி டைப்' என்று தனிப் பதிப்பு போட்டது.

அன்றைய ஆட்டக்காரனிடம் இருந்த ஆயுதம் கிரைண்டிங் ஒன்றுதான். பாஸிடம் அடி வாங்கினால் வெளியே போய் மணிக்கணக்கில் சில்லறை எதிரிகளை அடித்து லெவல் ஏற்றிவிட்டு வர வேண்டும். பொறுமைக்குப் பரிசு உண்டு, யோசனைக்கு அதிகம் வேலை இல்லை.

யோசிக்க வைத்த பாஸ்கள் பிறகு வந்தார்கள். என் கணிப்பில் அவர்களில் தலையாயவன் மாடடோர். அட்லஸ் நிறுவனத்தின் 'ஷின் மெகாமி டென்செய் 3: நாக்டர்ன்' 2003-ல் வந்தபோது அவன் அதில் இல்லை. மறு ஆண்டு வந்த விரிவாக்கப் பதிப்பில் சேர்த்தார்கள். எலும்புக்கூடு முகம், கையில் வாள், சிவப்புத் துணி. சண்டையின் ஆரம்பத்திலேயே அந்தத் துணியை வீசித் தன் வேகத்தை உச்சத்துக்கு ஏற்றிக்கொள்வான். இந்த கேமில் எதிரியின் பலவீனத்தை அடித்தால் கூடுதல் வாய்ப்பு கிடைக்கும், அடி தவறினால் இரண்டு வாய்ப்புகள் பறிபோகும். அவனோ அடியில் சிக்கவே மாட்டான். நான்கு பேர் குழுவில் இரண்டு பேர் குறி தவறினாலே அந்தச் சுற்று முடிந்தது. பிறகு அவன் காற்று மந்திரத்தால் மொத்தக் குழுவையும் வாரி அடிப்பான். கதாநாயகன் விழுந்தால் மற்றவர்கள் நின்றுகொண்டிருந்தாலும் ஆட்டம் முடிந்தது.

இங்கே லெவல் ஏற்றிக்கொண்டு வருபவன் திணறுவான். குழுவை மாற்றிக்கொண்டு வருபவன் ஜெயிப்பான். காற்று மந்திரம் செல்லாத அரக்கர்களைப் பேசி இழுத்தோ இணைத்து உருவாக்கியோ சேர்க்க வேண்டும். மந்திரம் அவர்கள் மேல் பட்டு வீணானால் இப்போது வாய்ப்பை இழப்பது மாடடோர். அவன் வேகத்தைக் குறைக்கும் ஒரு திறனை ஒருவரிடம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான். அதுவரை யாரும் கவனிக்காமல் விட்டிருந்த வேகம் கூட்டல், குறைத்தல் திறன்கள்தான் இந்த கேமின் உயிர்நாடி என்று ஒரே சண்டையில் புரிந்துவிடும். அவனைக் கடந்தவர்கள் மீதி கேமை வேறு கண்ணோடு ஆடினார்கள்.

2001-ன் 'ஃபைனல் ஃபேன்டஸி 10' கேமில் வரும் யூனலெஸ்காவும் அந்த வரிசைதான். நம் குழுவையே நடைப்பிணமாக்குவாள். அந்த நிலையில் குணமாக்கும் மந்திரம் போட்டால் உயிர் குறையும். அவசர அவசரமாக எல்லோரையும் சரிசெய்தால், மூன்றாம் உருவம் எடுத்தவுடன் உயிருள்ளவர்களை மட்டும் கொல்லும் மந்திரத்தை ஏவி விடுவாள். சிலரை நடைப்பிணமாகவே விட்டு வைப்பதுதான் வழி. அருமையான புதிர். ஆனால் மூன்று உருவங்களும் சேர்ந்து 1,32,000 உயிர்ப்புள்ளிகள். தோற்றால் தவிர்க்க முடியாத நீண்ட காட்சியை மறுபடி பார்த்துவிட்டுத்தான் சண்டைக்குப் போக முடியும். தமிழ்நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்களில் பிளேஸ்டேஷன் 2 வைத்திருந்தவர்கள் இதன் வலியை நன்றாக அறிவார்கள். மூன்றாம் உருவத்தில் கரண்ட் போனால் யாரிடம் போய் முறையிடுவது? புதிர் சரி, தண்டனைதான் அதிகம்.

இன்னொரு வகைக் கோளாறும் அன்று சகஜம். 2006-ன் 'பெர்சோனா 3' கேமில் தோழர்களுக்கு நேரடியாகக் கட்டளை இட முடியாது. அவர்களே முடிவு செய்வார்கள். பனித் தாக்குதலில் கில்லாடியான மிட்சுரு, அடிக்க வேண்டிய நேரத்தில் எதிரியை மயக்கும் மந்திரத்தையே திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருப்பாள். தோற்றது நம் தவறால் அல்ல என்பது எந்த ஆட்டக்காரனையும் கசக்க வைக்கும். 2009-ன் கையடக்கப் பதிப்பில் நேரடிக் கட்டளை வந்தது. 2024-ன் 'பெர்சோனா 3 ரீலோட்' அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

இன்று நிலைமை தலைகீழ். 'மெட்டாஃபர்: ரீஃபேன்டாஸியோ' 2024-ல் வந்தது. அதில் சண்டை நடுவே திட்டம் தவறிவிட்டது என்று தெரிந்தால், சாகும் வரை காத்திருக்க வேண்டாம், அதே சண்டையை முதலிலிருந்து தொடங்கலாம். அதே ஆண்டு வந்த 'டிராகன் குவெஸ்ட் 3' மறு ஆக்கத்தில் எளிய நிலையைத் தேர்ந்தெடுத்தால் குழுவினர் சாகவே மாட்டார்கள். 2025 அக்டோபரில் இரண்டாம் பாகமும் புது உருவில் வந்தது. மூவர் குழு நால்வரானது. 'நாக்டர்ன்' மறுபதிப்பிலும் இளகிய நிலை ஒன்று சேர்ந்தது. 'பிரேவ்லி டிஃபால்ட்' மேம்படுத்திய பதிப்பில் வழியில் எதிரிகளே வராதபடிகூட அமைத்துக்கொள்ளலாம். 2023-ன் 'பால்டர்ஸ் கேட் 3' வேறு ஒரு கதவைத் திறந்தது. யூர்கிர் என்ற பேருருவ எதிரியோடு மோதி உருண்டு புரளலாம், அல்லது பேசிப் பேசியே அவனைத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ள வைக்கலாம்.

இவற்றில் எது பெரிய முன்னேற்றம் என்று கேட்டால், கடின அளவைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலைச் சொல்ல மாட்டேன். தோற்ற இடத்திலேயே உடனே மறுபடி நிற்க வைக்கும் ரீட்ரை பொத்தானைத்தான் சொல்வேன். தோல்வியின் விலை இரண்டு நிமிடம் என்றால், மாடடோர் மாதிரியான பாஸை எவ்வளவு கூர்மையாகவும் வடிக்கலாம். ஆட்டக்காரன் துணிந்து புதுப்புது உத்திகளைச் சோதிப்பான். விலை இரண்டு மணி நேரம் என்றால் பயந்து கிரைண்டிங்கில் ஒளிந்துகொள்வான். பழைய கேம்களில் பலர் பார்க்காமலே போன நுட்பங்கள் இந்தப் பயத்தில்தான் புதைந்தன.

கடின அளவுப் பட்டியலில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சரியாகச் சமன் செய்யாத பாஸுக்கு அது சாக்காகிவிடுகிறது. "கஷ்டமாக இருந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று படைப்பாளி சொல்லும்போது, தான் செய்ய வேண்டிய வேலையை ஆட்டக்காரன் தலையில் கட்டுகிறார். எளிய நிலையில் எதிரி இரண்டடியில் விழுவான், நடு நிலையில் அரை மணி நேரம் இழுப்பான், புதிர் இரண்டிலும் இருக்காது. எண்ணை ஏற்றி இறக்குவதால் சண்டை நல்ல சண்டையாகிவிடாது.

ஏற்ற இறக்கம் இன்றும் ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. பிரான்ஸின் மோன்பெலியே நகரத்து சாண்ட்ஃபால் குழு 2025 ஏப்ரலில் வெளியிட்ட 'க்ளேர் ஆப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33' முறை வைத்து ஆடும் கேம்தான். ஆனால் எதிரியின் அடி விழும் அந்த நொடியில் பொத்தானை அழுத்தித் தடுத்தால் துளிச் சேதமும் இல்லை, பதிலடியும் கொடுக்கலாம். கை வேகமுள்ளவனுக்குப் பாதி பாஸ்கள் பூ. கை மெதுவானவனுக்கு அதே பாஸ்கள் ரோன் குகை. குழுவை எப்படி அமைத்தாய் என்ற கேள்வி பின்னுக்குப் போய், கை எவ்வளவு வேகம் என்ற கேள்வி முன்னுக்கு வருகிறது. கதைக்காக ஆடுபவர்களுக்கு எளிய நிலை இருக்கிறது என்பது ஆறுதல். தடுப்பதைவிடத் தாவி விலகுவது சற்று எளிது என்பதையும் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வது நல்லது.

ஒரு பாஸிடம் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடின அளவைக் குறைக்கும் முன் ஒரு முறை அவன் உங்களிடமிருந்து எதைப் பறிக்கிறான் என்று பாருங்கள். குறியையா, குணமாக்கும் வாய்ப்பையா, சுற்றையா? அதைத் திருப்பித் தரும் ஆள் குழுவுக்கு வெளியே சும்மா உட்கார்ந்திருப்பார், அவரை உள்ளே கொண்டு வாருங்கள். கடைசி பாஸுக்கு என்று சேர்த்து வைத்த மருந்துகளை இப்போதே எடுங்கள். பலருடைய பையில் அவை ஆட்டம் முடிந்த பிறகும் அப்படியே கிடக்கின்றன. அதற்குப் பிறகும் முடியவில்லை என்றால் தயங்காமல் எளிய நிலைக்கு மாறிக் கதையைத் தொடருங்கள். அந்த வசதியைக் கேட்டு வாங்க ரோன் குகையில் மாட்டியவர்களுக்கு வாய்ப்பே இருக்கவில்லை.