மாப்பையும் உரப்பையும் போர்வையாகலாமா?

இடம்பெயர்ந்த வீடு எதுவானாலும் அங்கே வெற்றுப் பைகளுக்குக் குறைவிராது. நிவாரண மா வந்த பை, அரிசி வந்த பை, உரப்பை என்று கொட்டிலின் மூலையில் மடித்து வைத்திருப்பார்கள். அவற்றை வெட்டி விரித்து, மேலே பழைய சேலையை வைத்துத் தைத்தால் பிள்ளைகளுக்கு ஒரு போர்வை ஆகுமே என்று தாய்மார் நினைப்பது இயல்பு. மார்கழிப் பனியில் வெறும் சாரத்தோடு சுருண்டு கிடக்கும் பிள்ளையைப் பார்ப்பவருக்கு அப்படித்தான் நினைக்கத் தோன்றும். ஆயினும் எல்லாப் பையும் ஒன்றல்ல.

நிவாரண மாப்பையைத் தைத்துப் பயன்படுத்துவது புதிய விடயமும் அல்ல. 1914இல் ஜேர்மனியப் படைகள் பெல்ஜியத்தைப் பிடித்தபோது அந்நாட்டு மக்கள் உணவின்றித் தவித்தனர். ஹேர்பேர்ட் ஹூவரின் தலைமையில் அமைந்த நிவாரணக் குழு அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் கோதுமை மாவைக் கப்பலில் அனுப்பியது. மா வந்தது பருத்தித் துணிப்பையில். பருத்தி வெடிமருந்து செய்யவும் உதவும் என்பதால் வெற்றுப் பைகளையும் எண்ணிக் கணக்கு வைத்தார்கள். அவை பெண்களின் தையற்கூடங்களுக்குப் போயின. சட்டை, தலையணை உறை என்று பலவும் தைத்தார்கள். சில பைகளில் ஆலையின் பெயர் அச்சிட்ட எழுத்தின் மேலேயே நூல்வேலை செய்து, மா அனுப்பியவர்களுக்கு நன்றிப் பரிசாகத் திருப்பி அனுப்பினார்கள். அவ்வாறான பைகள் பல இன்றும் அமெரிக்காவில், அயோவா மாநிலத்திலுள்ள ஹூவர் நூலகத்தில் இருக்கின்றன. வாங்கி உண்டவர்களும் திருப்பிக் கொடுக்க ஏதோ வைத்திருந்தார்கள் என்பதை நாம் இதில் காண்கிறோம்.

1930களின் பஞ்சகாலத்தில் அமெரிக்கக் கமக்காரப் பெண்கள் மாப்பையிலும் கோழித்தீன் பையிலும் உடுப்பும் துண்டுத்துணிப் போர்வையும் தைத்தார்கள். இதை அறிந்த ஆலைக்காரர் பூப்போட்ட துணியிலேயே பை செய்து, கழுவினால் போகும் மையில் பெயரை அச்சிட்டு விற்றனர். வியாபாரிக்கு மூளை எங்கும் ஒன்றுதான்! எமது மூத்தோர் கோதுமை மாவை 'அமெரிக்கன் மா' என்று சொல்லி வந்ததும், துணி மாப்பையைப் பிரித்து வடிதுணியாக வைத்திருந்ததும் சிலருக்கு நினைவிருக்கும்.

ஆனால் இன்று எமது கைக்கு வரும் பை பெரும்பாலும் துணியல்ல, பிளாஸ்ரிக் நாரில் நெய்தது. ஐயமிருந்தால் ஒரு நூலை இழுத்து, கொட்டிலுக்கு வெளியே, மணல் பரப்பிய தட்டின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தியானால் கடதாசி எரிந்த மணத்தோடு சாம்பலாகும். பிளாஸ்ரிக் சுருங்கி உருகி, ஆறியதும் கடினமான மணியாக நிற்கும்.

இந்தப் பிளாஸ்ரிக் பையைப் போர்வைக்குள் வைத்துத் தைப்பது நல்லதல்ல என்பதே எமது கருத்து. அது வியர்வையை உறிஞ்சாது. சின்னப் பிள்ளை அதற்குள் வெந்துபோகும், அல்லது நனைந்து குளிரும். மண்ணெண்ணெய் விளக்கு எரியும் வீட்டில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. பருத்தியும் தீப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் உருகிய பிளாஸ்ரிக் தோலில் ஒட்டிக்கொள்ளும். இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். வெயிலில் பல மாதம் கிடந்த பையோ தொட்டாலே தும்பு தும்பாக உதிரும். நன்றாகக் கழுவிய அரிசிப் பையையும் மாப்பையையும் பாய்க்குக் கீழே விரியுங்கள். மண்தரையின் ஈரத்தைத் தடுக்க அது மிகவும் உதவும். கீழே விரிக்கலாம், மேலே போர்க்க வேண்டாம்.

யூரியாப் பை எப்படி? யூரியா தண்ணீரில் நன்கு கரையும். இரண்டு மூன்று தரம் அலசினால் போய்விடும். அலசிய நீரை வாழையடியில் ஊற்றுங்கள். கிணற்றடியில் கழுவ வேண்டாம். நாம் அஞ்சுவது வேறு பைகளுக்கு. பூச்சிமருந்து, களைநாசினி வந்த பையையும், மருந்து பூசிய விதை வந்த பையையும் எதற்கும் பயன்படுத்தக் கூடாது. மருந்திட்ட கச்சான், சோளம் போன்ற விதைகளை உண்ணாதிருக்கவே இளஞ்சிவப்பு அல்லது வேறு நிறச் சாயம் சேர்க்கிறார்கள். பையின் உட்புறத்தில் அந்தச் சாயம் கண்டால் விலக்கிவிடுங்கள். மருந்து நெய்த நாருக்குள் தங்கும். சவர்க்காரம் போட்டாலும் முழுவதும் போகாது. தோலினூடாக உடலுக்குள் செல்லக் கூடியது அது. கைக்குழந்தை இரவு முழுவதும் அதன் மேல் கிடந்து, அதன் ஓரத்தை வாயிலும் வைக்கும். எரித்தால் புகையும் நஞ்சாகும். வேறொருவர் எடுத்துப் பாவிக்காதபடி பையைக் கிழித்து வைத்துவிட்டு, என்ன செய்வதென்று விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

இன்னொரு பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து உறவினர் அனுப்பும் உடுப்புப் பொதிகளில் சிலவேளை மணம் வீசும் மெல்லிய வெள்ளைத் தாள் இருக்கும். அங்கே உடுப்பை மெசினில் உலர்த்தும்போது மென்மைக்காகப் போடுவது அது. தாள்போல இருந்தாலும் அது பொலியெஸ்ரர் நாரில் ஆனது. அங்குள்ள போர்வை தைக்கும் பெண்கள் பாவித்த தாளை எறியாமல், துண்டுத்துணிக்குப் பின்புறம் வைத்துத் தைப்பதுண்டு. கிழியாது என்பதால் நல்ல தாங்கல்தான். ஆனால் அதில் பூசியிருக்கும் மென்மையூட்டியும் வாசனையும் சிலரின் தோலைக் கடிக்கச் செய்யும். சவர்க்காரத்தில் நன்றாகக் கழுவிய பின்னரே பாவியுங்கள். சூடான ஸ்திரிக்கைப் பெட்டியை அதன்மேல் வைக்காதீர்கள். குழந்தையின் போர்வைக்கு அதுவும் வேண்டாம்.

அப்படியானால் உள்ளே எதை வைப்பது? வங்காளத்துப் பெண்கள் இதற்கு வழி காட்டியிருக்கிறார்கள். நைந்த பருத்திச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே நெருக்கமாக நூலோடிவிடுவார்கள். காந்தா என்பது அதன் பெயர். புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. எமது வீடுகளிலும் பழைய சேலை, சாரம், கிழிந்த படுக்கை விரிப்பு கிடைக்கும். முதலில் துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காயவிடுங்கள். மிகவும் நைந்ததை நடுவில் வையுங்கள். பலமானதை வெளிப்புறம் வைத்து, விரலகல இடைவெளியில் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி கூடிப் பொருமிவிடும்.

தையல் நூல் இல்லாத வீட்டில் மாப்பையின் வாயைப் பாருங்கள். சங்கிலித் தையல் போட்ட அந்த நூலை ஒரு முனையில் சரியாக வெட்டி இழுத்தால் முழுவதும் ஒரே இழையாக வந்துவிடும். மறுமுனையில் இழுத்தால் சிக்கும்.