உழவு யந்திரத்தின் சுக்கான் கனத்தால்

‘பவர் ஸ்ரியரிங்’ எனப்படும் எண்ணெய்ச் சுக்கான் கனத்தவுடன் பழைய உழவு யந்திரத்துக்குப் புதுப் பம்பி வாங்க விரைதல் வீண் செலவாய் முடியலாம். முதலில் முன் சில்லுகளின் காற்றையும், அவை திரும்பும் முளைகளின் கிறீசையும் பார்த்தல் வேண்டும். பின்னர் யந்திரத்தைச் சமதரையில் நிறுத்தி எண்ணெய் மட்டத்தைச் சோதிக்குக. எண்ணெய் நுரைத்திருப்பின், உறிஞ்சு குழாயின் இணைப்பு வழியே காற்றுப் புகுகின்றது எனக் கொள்ளலாம். வாரினால் ஓடும் பம்பியாயின், வார் தளர்ந்து வழுக்குதலும் உண்டு. குளிர்ந்திருக்கையில் இலகுவாயும் சூடேறியபின் கனமாயும் திரும்பின், இளகிய எண்ணெய் தேய்ந்த பாகங்களினூடே ஒழுகுகின்றது. பம்பியைச் சந்தேகிக்க வேண்டியது அப்பொழுதே.

அழுத்தக் குழாயின் கசிவைக் கையால் தடவித் தேடலாகாது. கடதாசி மட்டையைப் பிடித்துப் பார்க்குக. ஊசித்துளையிற் பீறும் எண்ணெய் தோலைத் துளைத்து உட்புகும். காயம் சிறிதாய்த் தோன்றினும் விரலையே இழக்க நேரிடும். தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.